கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

அறுபதைத் தாண்டியவர் என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நடுவில் உட்கார்ந்து, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் யாராவது நிற்கட்டும். 65 முதல் 69 வயதுக்குள் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11 என்ற எண்ணிக்கைக்குக் கீழே போனால் கால் வலு குறைந்திருக்கிறது, விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

குறைந்தால் பயப்பட வேண்டாம். எந்த வயதிலும் தசையைத் திரும்பப் பலப்படுத்தலாம், அதற்கான பயிற்சியும் இதேதான். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னே இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி இறங்க வேண்டும், தொடைக்கு அதிக வேலை அங்கேதான். கஷ்டமாக இருந்தால் நாற்காலியில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். எழுந்ததும் தலை சுற்றினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், சாப்பிடும் மாத்திரைகளும் காரணமாக இருக்கலாம்.

தினமும் நடக்கிறேன், போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்போடு, 2 நாளாவது தசைப் பயிற்சி, 3 நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி என்று சொல்கிறது. சமநிலைக்குச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொன்றின் விரல்நுனியைத் தொட வைத்து 10 விநாடி நின்றாலே நல்ல தொடக்கம்.

சரி, உடம்பு மட்டும் போதுமா? அதே உலக சுகாதார நிறுவனம் 2002-ல் முதுமையிலும் துடிப்பாக வாழ்வதைப் பற்றி எழுதியபோது ஆரோக்கியம், பங்கேற்பு, பாதுகாப்பு என்று மூன்றையும் சேர்த்துத்தான் சொன்னது. நாம் விட்டுவிடுவது நடுவில் இருப்பதை. வாரத்தில் ஒரு நாளாவது, நீங்கள் வரவில்லையென்றால் யாராவது போன் பண்ணி "ஏன் வரல?" என்று கேட்கும்படியான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருவதோ நூலகத்தில் புத்தகம் அடுக்குவதோ எதுவானாலும் சரி. கூட்டத்தில் பேசுவது சரியாகக் கேட்காததால்தான் ஒதுங்குகிறீர்கள் என்றால் காதைப் பரிசோதித்துவிடுங்கள், காது மந்தத்தைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்கான ஆபத்தும் கூடுகிறது.

கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தால் "நீங்க சும்மா இருங்கப்பா" என்று நாங்களும் பாசத்தோடுதான் பிடுங்கினோம். ஆறே மாதத்தில் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியதாயிற்று. மெதுவாகச் செய்தாலும் அவர்களே செய்யட்டும். நீங்கள் காலில் தடுக்கும் விரிப்பை எடுங்கள், கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்குப் போடுங்கள்.

அப்புறம் தெரு. நடுவழியில் உட்கார இடமில்லை என்பதற்காகவே வெளியே வராத பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து உள்ளாட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள், எந்த இடத்தில் பெஞ்ச் வேண்டும், எங்கே நடைபாதை உடைந்திருக்கிறது என்று படத்தோடு குறிப்பிட்டு.