ஒரே கணினிக்குள் தரவுத்தள இணைப்புக்கு உள்ளக சொக்கெட் போதும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள உங்கள் அலுவலகத்தில் கணக்கு மென்பொருளும் அதன் தரவுத்தள வழங்கியும் ஒரே லினக்ஸ் கணினியில் இயங்குமானால், அவற்றை இணைப்பதற்காக வலையமைப்பில் ஒரு போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்புகள் வரும் எண்ணிட்ட வாயிலை) திறந்துவைக்கத் தேவையில்லை; ஒரே கணினியிலுள்ள நிரல்கள் தமக்குள் தரவைப் பரிமாறும் உள்ளக இணைப்புமுனையான யுனிக்ஸ் டொமைன் சொக்கெட்டே போதுமானது. அதற்கும் ஒரு கோப்பைப் போலப் பாதையும் உரிமையாளரும் அனுமதிகளும் இருப்பதால், கணினிக்குள் யார் அதை அணுகலாம் என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கிளையண்டுக்கு (வழங்கியுடன் இணையும் நிரலுக்கு) வழங்கியின் பெயராக ‘லோக்கல்ஹோஸ்ட்’ எனக் கொடுத்தால் அது சொக்கெட் வழியாகவும், அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியைக் கொடுத்தால் டிசிபி எனும் வலையமைப்பு நெறிமுறை வழியாகவும் இணையும். இரண்டும் ஒன்றே என எண்ணிவிடக் கூடாது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில், வழங்கியின் பெயருக்குப் பதிலாக சொக்கெட் இருக்கும் அடைவின் (கோப்புறையின்) முழுப் பாதையைத் தரவேண்டும், கோப்பின் பெயரையல்ல.

இணைப்புக் கிடைக்காதபோது பிழைச்செய்தியைக் கூர்ந்து வாசியுங்கள். கோப்பு இல்லை என்று வந்தால் பாதை தவறாக இருக்கலாம், அல்லது வழங்கி தொடங்கியிருக்காது. இணைப்பு மறுக்கப்பட்டது என்றால், நின்றுபோன வழங்கி விட்டுச்சென்ற பழைய கோப்பு மட்டுமே அங்கு எஞ்சியிருக்கக்கூடும். அனுமதி மறுக்கப்பட்டால், சொக்கெட்டில் எழுதும் அனுமதியும், அதற்குச் செல்லும் வழியிலுள்ள ஒவ்வோர் அடைவிலும் நுழையும் அனுமதியும் அந்தப் பயனருக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் எல்லா அனுமதிகளையும் தரும் 777 ஐக் கொடுத்துவிடாமல், உரிய குழுவில் அந்தப் பயனரைச் சேர்ப்பதே முறை. அவர் மீண்டும் உள்நுழைந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும்.

லினக்ஸில் சொக்கெட்டின் பாதைக்கு 108 பைட்டுகளே இடமுண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், தமிழில் பெயரிட்ட அடைவுகளுக்குள் சொக்கெட்டை வைக்கும்போது இந்த எல்லையைக் கவனியுங்கள்.