சின்ன அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைகள், மாதத்தில் பாதி நாளை ரயிலில் கழிப்பவர்கள், தோள்வலியால் பெரிய ட்ரெட்நாட் கிட்டாரை அணைத்துக்கொண்டு உட்கார முடியாதவர்கள். சின்ன கிட்டார் தேடி வருபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். தேவை நியாயமானது. ஆனால் இன்று சொல்லிக்கொடுப்பவர்களும் ரிப்பேர் பார்ப்பவர்களும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். விரிசல் இருக்கிறதா பார், டியூனிங் கீ லூசா பார் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள்; அவை இங்கே வேண்டாம். காசையும் ஆறு மாதப் பயிற்சியையும் சேர்த்து விழுங்குகிற தவறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

## பாடி சிறியது வேறு, ஸ்கேல் குட்டையானது வேறு

ஸ்கேல் என்பது நட்டுக்கும் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் அமரும் பட்டை) சேடிலுக்கும் (பெட்டியின் மேல் கம்பிகள் அமரும் பட்டை) நடுவே கம்பி அதிரும் நீளம். பாடி என்பது பெட்டி. இரண்டும் தனித்தனி முடிவுகள். கடையில் போய் "சின்ன சைஸ் காட்டுங்க" என்று கேட்டால் இரண்டு வகையும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். வாங்குபவர் கண்ணில் படுவது பெட்டியின் அளவு மட்டும். வீட்டுக்கு வந்தபின் கையில் உறைப்பது ஸ்கேல்.

மார்ட்டின் 000, மார்ட்டின் ஓஎம் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடி ஒன்றே, அடிப்பகுதியின் அகலம் 381 மி.மீ. ஆனால் 000-வின் ஸ்கேல் 632 மி.மீ., ஓஎம்மின் ஸ்கேல் 645 மி.மீ. யமஹா எஃப்எஸ்800-உம் இந்த வகைதான்: பாடி எஃப்ஜி800-ஐ விடச் சிறியது, ஸ்கேல் 634 மி.மீ. இவையெல்லாம் சின்ன பாடி, ஆனால் முழு கிட்டார்.

பயண கிட்டார்கள் வேறு கூட்டம். யமஹா சிஎஸ்எஃப் 600, டெய்லர் ஜிஎஸ் மினி 597, லிட்டில் மார்ட்டின் 584, பேபி டெய்லர் 578, யமஹா ஜேஆர் 540 மி.மீ. பெயரை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. பிக் பேபி டெய்லர் என்று குழந்தைப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஸ்கேல் 648 மி.மீ. 'பார்லர்' என்ற சொல்லை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒட்டுகிறது. அதற்கு நிலையான அளவு எதுவும் கிடையாது.

எனவே கடைக்கு இஞ்ச் டேப்போடு போங்கள். நட்டின் உள்விளிம்பில், அதாவது முதல் ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பார்த்திருக்கும் பக்கத்தில், டேப்பை வையுங்கள். 12-ஆம் ஃப்ரெட்டின் நடு உச்சி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 316 மி.மீ. வந்தால் 632, 292 வந்தால் 584. சேடில் வரை நேராக அளக்க வேண்டாம். சுருதி சரியாக நிற்பதற்காக சேடிலைக் கொஞ்சம் பின்தள்ளிச் சாய்த்திருப்பார்கள், கணக்கு பிசகும்.

சில சென்டிமீட்டர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவிசை ஸ்கேலின் வர்க்கத்தோடு குறையும். 645 மி.மீ. கிட்டாரில் இருக்கும் இழுவிசையை 100 என்று வையுங்கள். 632-இல் அது 96. கை அதைக் கிட்டத்தட்ட உணராது. 597-இல் 86, 584-இல் 82, 578-இல் 80. 540-இல் 70-தான். கம்பி தளர்ந்தால் ஒரே அடிக்கு அதிகமாக ஆடி ஃப்ரெட்டில் மோதும், ஜிர்ரென்று கரகரக்கும். விரல் சற்றே அழுத்திப் பிடித்தாலும் சுருதி மேலே ஏறும்.

இதற்கு மேல்தான் பெரிய பிழை வருகிறது. ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் கம்பியை எடுத்துவிட்டு அதைவிட மெல்லிய கம்பியை மாட்டுவது. எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அங்கே பழுது என்று எதுவுமே இருப்பதில்லை.

ஒரு கல்லூரி மாணவர் 584 மி.மீ. கிட்டாரோடு வகுப்புக்கு வந்தார். "சார், டியூனர்ல ஆறு கம்பியும் பச்சை காட்டுது. ஜி கார்டு பிடிச்சா மட்டும் ஒட்டவே மாட்டேங்குது" என்றார். வாங்கிய வாரமே விரல் வலிக்கிறது என்று கேட்டு 10-47 செட் (முதல் கம்பியின் தடிமன், அதாவது கேஜ், 0.010 இஞ்ச்; ஆறாவது 0.047) மாட்டியிருக்கிறார். கரகரத்தது, சேடிலை உயர்த்தினார். உயரம் கூடியதும் கம்பியைக் கீழே தள்ள வேண்டிய தூரமும் கூடியது, சுருதி இன்னும் ஏறியது. டியூனிங் கீயில் கோளாறு என்று யாரோ சொல்ல, ஆறையும் மாற்றினார். கடைசியில் சின்ன கிட்டார் என்றாலே இப்படித்தான் என்று முடிவுகட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். சேடிலைப் பழைய உயரத்துக்கு இறக்கி, மீடியம் எனப்படும் 13-56 செட் மாட்டியதும் அதே கிட்டார் ஒழுங்காக ஒலித்தது.

கணக்கைப் பாருங்கள். முதல் கம்பியை 12-இலிருந்து 10-க்கு இறக்கினால் இழுவிசை 69 சதவீதமாகிவிடும். 584 மி.மீ. ஸ்கேல் ஏற்கெனவே 82-க்குக் கொண்டுவந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மிஞ்சுவது 57. ஒரு முழு கிட்டாரில் இருக்க வேண்டியதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. அதே 584-இல் 13 கேஜ் மாட்டினால் 96 வரும். அதாவது 632 மி.மீ. கிட்டாரில் சாதாரண 12 செட் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். தடித்த கம்பி விரலைக் கிழித்துவிடும் என்ற பயம் குட்டை ஸ்கேலில் தேவையில்லை. டெய்லர் ஜிஎஸ் மினி தொழிற்சாலையிலிருந்தே மீடியம் கம்பிகளோடு வருவது இதனால்தான்.

விரல் வலிக்கிறது என்றால் முதலில் நட்டைப் பாருங்கள். கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று கவனியுங்கள். ஒரு மெல்லிய காகிதம் நுழையும் அளவு போதும். விசிட்டிங் கார்டு தாராளமாகப் போய்வந்தால் நட் பள்ளம் ஆழம் போதவில்லை. எஃப் கார்டு பிடிக்க முடியாமல் கை நோவதற்கு அதுதான் காரணம். அடுத்தது 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம். ஆறாவது கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 1.8 மி.மீ. அளவில் இருந்தால் புதிதாகக் கற்பவருக்குச் சுகம்.

தடித்த செட் மாட்டும்போது கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். டியூன் செய்கையில் 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவினால் கம்பி நட் பள்ளத்தில் சிக்குகிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் நாலு முறை தேயுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஓர் இரவு விட்டுவிட்டு நெக்கின் வளைவைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் பாடியோடு சேரும் இடத்தில் ஆறாவது கம்பியை அழுத்துங்கள். ஏழாம் ஃப்ரெட் பக்கம் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் போனால் நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று திருகி, மறுபடி டியூன் செய்து பாருங்கள். ஒரே மூச்சில் அதற்குமேல் திருகாதீர்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. உள்ளே ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டம் வைத்த பழைய பார்லர் கிட்டார்களில் மீடியம் செட் கூடவே கூடாது. சேடிலைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜின் பின்னால் பலகை வயிறு தள்ளி, பிரிட்ஜே பெயர்ந்துவிடும். எந்த கிட்டாராக இருந்தாலும் தயாரிப்பாளர் எந்த கேஜ் வரை அனுமதிக்கிறார் என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? வீட்டில் இருக்கப்போவது ஒரே ஒரு கிட்டார் என்றால் 632 முதல் 645 மி.மீ. வரை ஸ்கேல் உள்ள சின்ன பாடியை வாங்குங்கள். தோளுக்கும் மடிக்கும் தேவையான வசதி அதிலேயே கிடைத்துவிடும். ஓஎம் பாடியின் ஆழம் 105 மி.மீ.; ட்ரெட்நாட் 124. வலக்கையை மேலே தூக்கிப் போட வேண்டிய வலியைக் குறைப்பது அந்த இரண்டு சென்டிமீட்டர்தான். குட்டை ஸ்கேல் இரண்டாவது கிட்டாராக, பயணத்துக்காக, அல்லது கை சிறியவர்களுக்காக. முதல் ஃப்ரெட்டின் அகலம் 645-இல் 36 மி.மீ., 540-இல் 30. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வரம். தடித்த விரல் கொண்ட பெரியவர் ஏ கார்டுக்கு மூன்று விரலை அங்கே அடைக்க வேண்டும். அதில் ஆறு மாதம் பழகிவிட்டு முழு கிட்டாருக்குப் போனால் கை மறுபடி தூரத்தைக் கற்க வேண்டியிருக்கும்.

## சுழியம் குறைந்தால் பெரியது என்று நினைப்பது

நேர்மாறு. மார்ட்டின் கணக்கில் சுழியம் கூடக் கூட பாடி பெரிது: 0 அகலம் 343 மி.மீ., 00 என்றால் 364, 000 என்றால் 381.

## சின்ன பாடியிடம் ட்ரெட்நாட்டின் பேஸை எதிர்பார்ப்பது

ஆறாவது கம்பியைத் திறந்து மீட்டினால் 82.4 ஹெர்ட்ஸ். ட்ரெட்நாட்டின் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சேர்ந்து அதிர்ந்து அந்தக் கீழ் ஸ்வரங்களைத் தாங்கிப் பிடிக்கும். பெட்டி சிறுத்தால் அந்த அதிர்வு மேலே நகர்ந்துவிடும். கீழ் ஸ்வரங்களுக்குத் துணை குறையும். கம்பியை மாற்றியோ சேடிலை எலும்பில் போட்டோ இதைச் சரிசெய்ய முடியாது. அதற்குப் பதிலாக நடு ஸ்வரங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும். விரலால் மீட்டுபவருக்கும், பாட்டுக்குப் பின்னால் மைக் வைத்து வாசிப்பவருக்கும் இது லாபம். ட்ரெட்நாட்டை மைக் முன்னால் வைத்தால் வரும் 'கும்' என்ற இரைச்சலை வெட்டி எறிய வேண்டிய வேலை இருக்காது.

பலமாக ஸ்ட்ரம் செய்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். சின்ன பாடி ஒரு கட்டத்துக்கு மேல் ஒலியைக் கூட்டித் தராது, திணறும். கடையில் முதலில் விரலால், பிறகு 0.6 மி.மீ. பிக்கால், அதன்பின் நீங்கள் உண்மையிலேயே வாசிக்கும் வேகத்தில் அடித்துப் பாருங்கள். பிறகு கிட்டாரைக் கடைக்காரரிடம் கொடுத்து, இரண்டு மீட்டர் தள்ளி நேர் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். வாசிப்பவர் காதுக்கு வருவது பக்கவாட்டு ஒலி, எதிரில் இருப்பவருக்குப் போவது வேறு. ஒப்பிடும் இரண்டு கிட்டார்களில் ஒன்றில் புதுக் கம்பியும் மற்றதில் எட்டு மாதமாக மாட்டியிருந்த துருக்கம்பியும் இருந்தால் நீங்கள் தேர்ந்தெடுப்பது கம்பியைத்தான்.

பன்னிரண்டு ஃப்ரெட்டில் நெக் பாடியோடு சேரும் மாடல் கிடைத்தால் அவசியம் கேட்டுப் பாருங்கள். அதில் பிரிட்ஜ், மேல்பலகையின் அகன்ற பகுதியின் நடுப்பக்கம் நகர்ந்து உட்காரும்; அதே அளவு பாடியில் ஒலி சற்று முழுமையாக, மென்மையாக வரும். மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்டாது என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

## 'ஸ்ப்ரூஸ் டாப்' என்றதும் சாலிட் என்று நம்புவது

சவுண்ட் ஹோலின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே ஓடும் மர ரேகைகள் விளிம்பில் திரும்பி அப்படியே கீழிறங்கினால் சாலிட், அதாவது ஒட்டு அடுக்கு இல்லாத முழு மரம். நடுவே வேறு நிறத்தில் ஒரு படலம் சாண்ட்விச் போலத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

ஒட்டுப்பலகை எப்போதும் மட்டம் என்பதும் சரியல்ல. சென்னைக் கடற்கரைக் காற்றுக்கும் ஏசி அறைக்கும் மாறிமாறிப் போகும் கிட்டாரில் சாலிட் டாப் ஈரம் குடித்து உப்பும், கம்பியின் உயரம் ஏறும், உலர்ந்தால் அமிழும். 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் அதற்கு உகந்தது. பயணத்துக்கு டாப் சாலிடாகவும் பின்பலகையும் பக்கங்களும் ஒட்டுப்பலகையாகவும் இருப்பதே நல்ல சமரசம்.

## நட் அகலத்தைக் கேட்காமல் விடுவது

விரலால் மீட்டுவதானால் 44.5 மி.மீ.; ஸ்ட்ரம் மட்டும் என்றால் 43 போதும்.

## கிட்டலேலேயை முதல் கிட்டாராக வாங்குவது

உகுலேலே அளவிலான ஆறு கம்பிக் கருவிதான் கிட்டலேலே. யமஹா ஜிஎல்1-இன் ஸ்கேல் 433 மி.மீ., நைலான் கம்பி, சாதாரண கிட்டாரின் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்ட சுருதி. நல்ல துணைக்கருவி. முதல் கருவி அல்ல.

## வெயிலில் நிறுத்திய காருக்குள் விடுவது

பசை இளகும், பிரிட்ஜ் பெயரும்.

## சின்ன கிட்டார் என்றால் கேபினுக்குள் விடுவார்கள் என்று கிளம்புவது

இந்தியாவில் பெரும்பாலான விமான நிறுவனங்கள் கேபின் பைக்கு நீளம், அகலம், உயரம் கூட்டி 115 செ.மீ., எடை 7 கிலோ என்று வரம்பு வைத்திருக்கின்றன. பேபி டெய்லரின் நீளம் 86, அகலம் 32, ஆழம் 9 செ.மீ. உறை இல்லாமலே 127. ஜிஎஸ் மினியின் நீளம் மட்டும் 93. கண்டிப்பாக அளந்தால் எதுவும் தேறாது; கவுன்டரில் இருப்பவரின் மனதைப் பொறுத்துத்தான் உள்ளே போகிறது. டிக்கெட் போடும்போதே இசைக்கருவிக்கான விதியைக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லக்கேஜில் போடத்தான் வேண்டும் என்றால் மெல்லிய உறையை நம்பாதீர்கள், ஹார்ட் கேஸ் வேண்டும். கம்பிகளை இரண்டு ஸ்வரம் இறக்குங்கள். முழுவதும் தளர்த்த வேண்டாம். உள்ளே உடைவது பெரும்பாலும் நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடம். செங்குத்தாக நிற்கும் கேஸ் பின்பக்கமாகச் சாய்ந்து விழும்போது டியூனிங் கீகளின் எடை தலையைப் பின்னோக்கி வீசுவதால் அந்த முறிவு நேர்கிறது. இரண்டு பழைய வேட்டிகளை எடுத்து, ஒன்றை மடித்து நெக்கின் அடியில் முட்டுக் கொடுங்கள். மற்றதைக் கிழித்து ஹெட்ஸ்டாக்கின் இருபுறமும் பின்னாலும் திணியுங்கள். மூடியபின் கேஸை லேசாகக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்கக் கூடாது.