காரைக்குடியில் இருந்துகொண்டு மாதிரி ரயில் சாமான்களைச் சிக்கனமாக வாங்குவது எப்படி?

மாதிரி ரயில் பணம் தின்னும் பொழுதுபோக்கு என்பார்கள். இன்ஜின் விஷயத்தில் அது ஓரளவு உண்மை. கருவி விஷயத்தில் உண்மையே இல்லை. அங்கே காசு கரைவது கடை தெரியாததால்தான். நம் பக்கம் இதற்கென்று ஒரு கடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நகைப்பட்டறைகள் இருக்கின்றன, பழைய சாமான் தெரு இருக்கிறது, பல வீடுகளில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருவர் இருக்கிறார். இவற்றை வைத்தே என் மேசை ஓடுகிறது. தண்டவாளம் பதிப்பது, வயரிங் எதுவும் இங்கே சொல்லப்போவதில்லை. வாங்குவது மட்டும்தான்.

படி 1: அளவை முடிவு செய்யுங்கள்

எச்ஓ (HO) என்றால் 1:87, அதாவது அசல் ரயிலில் 87-ல் ஒரு பங்கு. ஓஓ (OO) என்றால் 1:76. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என்பதால் ஒன்றின் பெட்டி மற்றதன் பாதையில் ஓடும். 'என்' (N) என்ற அளவு 1:160, இடைவெளி 9 மி.மீ. இடம் குறைவாக இருந்தாலொழிய எச்ஓ அல்லது ஓஓ எடுங்கள். பழைய சரக்கு அதிகம் புழங்குவது அதில்தான், விலை பேசவும் வழி உண்டு.

நம்மூர் பழைய மீட்டர் கேஜை மேசையில் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11.5 வரும். டிடி (TT, 1:120) அளவுக்கென்று விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் அதற்குக் கச்சிதம். தனியாகச் செய்யச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டாம்.

படி 2: கருவிகளை ரயிலுக்கு முன்பே, உள்ளூரிலேயே வாங்குங்கள்

இணையத்தில் 'ஹாபி டூல் கிட்' என்று பத்துப் பதினைந்து சாமான் அடங்கிய பெட்டி விற்கும். அதைத் தொடாதீர்கள். அதில் உருப்படியாக இருப்பது இரண்டோ மூன்றோதான், மற்றதெல்லாம் எண்ணிக்கைக்கு.

நகை ஆசாரிகளுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். ஊசி அரம், சாமணம், நகை அறுக்கும் சின்ன ரம்பம், அதற்கான மெல்லிய தகடுகள் எல்லாம் அங்கே கிடைக்கும். அந்த ரம்பத் தகடு தண்டவாளத்தைப் பிசிறில்லாமல் வெட்டும். சாமணத்தைக் கடையிலேயே மூடிப் பாருங்கள். நுனி இரண்டும் நேராகச் சேர வேண்டும். தினமும் பிழைப்புக்காக இதை வாங்குகிறவர்கள் வரும் கடை, மட்டமான சரக்கு அங்கே நிற்காது. கண்ணில் செருகும் லென்ஸ் கடிகாரக்காரர்கள் வாங்கும் இடத்தில் கிடைக்கும். எண்ணெய் சொட்டு வைக்க மருந்துக்கடை இன்சுலின் ஊசி போதும். எண்ணெய் தையல் மெஷின் எண்ணெயாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் பல்சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும்.

காசு தாராளமாகச் செலவழிக்க வேண்டியது இரண்டே கருவிக்கு. ஒன்று நல்ல சால்டரிங் அயர்ன். சோல்ட்ரான் 25 வாட் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இன்னொன்று டிஜிட்டல் வெர்னியர். இரண்டாம் கைப் பெட்டி அடிக்கடி தடம் புரண்டால் முதலில் சக்கரங்களின் உட்புற இடைவெளியை அளங்கள். எச்ஓ, ஓஓ இரண்டிலும் 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 'ஓடாது' என்று மலிவாகத் தள்ளிவிடப்படும் பெட்டிகள் பலவற்றில் இது மட்டும்தான் கோளாறு, கையாலேயே சரி செய்துவிடலாம்.

படி 3: வீடு வந்து சேரும் விலையைக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடாதீர்கள். திரையில் தெரிவது விலையே அல்ல.

ஈபே இந்தியா 2018-லேயே மூடப்பட்டுவிட்டது. இப்போது வெளிநாட்டு ஈபேயில்தான் தேட வேண்டும். தேடும்போது விற்பனையில் இருப்பவற்றைப் பார்க்காமல், விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். கேட்கும் விலை ஆளாளுக்கு மாறும், உண்மையான சந்தை விலை விற்ற விலைதான்.

அடுத்தது சுங்கவரி. அளவு மாதிரிகள் பொம்மைகளோடு சேர்ந்து 9503 என்ற தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்பின் அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. தனிப்பட்ட உபயோகப் பார்சல் வேறு தலைப்பில் மதிப்பிடப்படுவதும் உண்டு, பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதமும் மாறும். அதனால் வாங்கும் மாதத்தில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் மறப்பது இன்னொன்று: வரி பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்துத்தான்.

கணக்குக்காக மொத்த வரி 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 4,000 ரூபாய், அனுப்பக் கூலி 2,500. கூட்டினால் 6,500, வரியோடு 9,750. நாலாயிரம் ரூபாய்ச் சல்லிசு எங்கே போனது பாருங்கள். அதே கடையில் மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு இன்ஜின் எடுத்து, ஒரே பார்சலாக 3,500 ரூபாய்க் கூலியில் வரவழைத்தால் 15,500, வரியோடு 23,250. ஆளுக்கு 7,750. இரண்டாயிரம் மிச்சம், பேரம் பேசாமலே. மதுரை, திருச்சி, புதுக்கோட்டை எங்கிருந்தாலும் கூட்டாளி பிடியுங்கள்.

இங்கிலாந்துக் கடையில் புதிதாக வாங்கினால், ஏற்றுமதி என்பதால் அங்கத்திய 20 சதவீத வாட் வரியைக் கழித்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். பல கடைகள் கழிப்பார்கள். பழைய சாமானுக்குப் பெரும்பாலும் இது கிடைக்காது.

அட்டைப்பெட்டி விஷயம்: மூலப் பெட்டியோடு இருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். ஓட்டுவதற்கு வாங்குகிற நமக்குப் பெட்டி எதற்கு? பெட்டி இல்லாததையே தேடுங்கள்.

படி 4: ஓடுமா என்று பாருங்கள்

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைத் துழாவுகிறவர்களுக்கு இது கட்டாயம். அங்கே எனாமல் தூக்குச்சட்டியும் பீங்கான் ஜாடியும்தான் அதிகம். ரயில் எப்போதாவது வரும். வந்தால் பெரும்பாலும் சாவி கொடுக்கிற தகர ரயில். ஹார்ன்பி என்ற இங்கிலாந்துக் கம்பெனி 1920-லிருந்து விற்ற ஜாதி. அது ஓ அளவு, 32 மி.மீ. பாதை வேண்டும், உங்கள் எச்ஓ தண்டவாளத்தில் ஏறாது. அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். "அண்ணே, கரண்டுல ஓடுற ரயில் ஏதும் வந்தா ஒரு போன் போடுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். சுற்றுலாக்காரர்கள் வரும் நேரத்தில் விலை பேசாதீர்கள்.

மின்சார இன்ஜின் கையில் கிடைத்ததும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். வயிற்றில் நடுவே நீளமாக ஒரு உலோகப் பட்டையோ தேய்ப்பானோ இருந்தால் அது மூன்று தண்டவாள ரகம். ஜெர்மன் கம்பெனியான மார்க்லினின் எச்ஓ அப்படித்தான், ஏசியில் ஓடும். 1938-ல் வந்த ஹார்ன்பி டப்ளோவும் 1959 வரை மூன்று தண்டவாளம்தான். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சாதாரண இரு தண்டவாள டிசி பாதையில் அது நகராது.

இரு தண்டவாள ரகம் என்றால் 9 வோல்ட் பேட்டரியும் கிளிப் போட்ட இரண்டு ஒயரும் பையில் இருக்கட்டும். இடது சக்கரத்தில் ஒன்று, வலது சக்கரத்தில் ஒன்று தொட்டால் ஓட வேண்டும். ஓடவில்லையா? உடனே கீழே வைத்துவிடாதீர்கள். பழைய நீராவி இன்ஜின்கள் பலவற்றில் ஒரு பக்க மின்சாரத்தை இன்ஜினும் மறுபக்கத்தை நிலக்கரிப் பெட்டியும் எடுக்கும். ஒரு ஒயரை இன்ஜின் சக்கரத்திலும் மற்றதைப் பெட்டியின் எதிர்ப்பக்கச் சக்கரத்திலும் தொடுங்கள். 'செத்துப்போச்சு' என்று ஒதுக்கப்பட்டது இப்படி எழுந்து ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். பேரம் பேசி முடிக்கும்வரை இந்தச் சோதனையைக் கடைக்காரர் கண்முன் செய்யாமலிருப்பது உங்கள் சாமர்த்தியம்.

ஓடும்போது ஒரே சீராக டிக் டிக் என்று சத்தம் வந்தால் அச்சின் பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். மாற்று கிடைக்கும், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். வார்ப்பு உலோகம் உப்பி, வெடித்து, பொடியாக உதிர்ந்தால் மட்டும் வேண்டாம். துத்தநாகக் கலவையில் ஈயக் கலப்பால் வரும் நோய் அது, மருந்து கிடையாது.

இணையத்தில் வாங்கினால் இரு திசையிலும் மெதுவாக ஓடும் வீடியோ கேளுங்கள். வேகமாக எல்லாம் ஓடும். 'டிசிசி ரெடி' (டிசிசி என்பது டிஜிட்டல் கட்டுப்பாடு) என்றால் அந்தக் கட்டளையை வாங்கும் டிகோடர் சில்லு மாட்ட இடம் இருக்கிறது என்றுதான் பொருள், டிகோடர் உள்ளே இல்லை. அதன் விலை தனி.

பிற்சேர்க்கை

அமெரிக்க ஸ்டார்ட்டர் செட் மலிவாகக் கிடைத்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். செட் சரி, அதோடு வரும் பவர் பேக்கை நம் பிளக்கில் செருகிவிடாதீர்கள்! அது 120 வோல்ட்டுக்கானது, நம்முடையது 230. தூக்கி வைத்துவிட்டு, சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும், மோட்டார் வேகம் மாற்றும் சின்ன போர்டும், திசை மாற்ற ஒரு டிபிடிடி சுவிட்சும் வாங்குங்கள்.

தண்டவாளத்துக்கு இடையே நிரப்ப நம் செம்மண்ணைச் சலித்துப் போடலாமா என்று இன்னொருவர். தாராளமாக, காசே இல்லை. ஆனால் காந்தத்தைத் தாளில் சுற்றி மண்ணுக்குள் பலமுறை துழாவி எடுத்துவிட்டுப் போடுங்கள். அதிலுள்ள இரும்புத் துகள் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சிங்கப்பூர் அம்மான் திருச்சி விமானத்தில் வரும்போது தண்டவாளம் கொண்டுவரச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தார்கள். பீக்கோ கம்பெனியின் வளைக்கக்கூடிய ஃப்ளெக்ஸி தண்டவாளம் ஒன்று 914 மி.மீ. நீளம், சாதாரணப் பெட்டிக்குள் நுழையாது. கடையிலேயே நடுவில் வெட்டித் தரச் சொல்லுங்கள், வெட்டிய இடத்துக்குக் கூடுதல் இணைப்பான் இரண்டு சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். சுங்க வரம்புக்குள் இருக்கிறதா என்பதையும் பில்லோடு அம்மானே பார்த்துக்கொள்ளட்டும்.