பழைய பிக்கப் வாங்கி ரிப்பேர் வேல பாக்கலாமா? மொதல்ல வண்டிக்கு அடியில படுங்க

எங்க மச்சான் ஒரு பழைய பொலேரோ பிக்கப்ப வாங்கிட்டு வந்து வீட்டு முன்னால நிறுத்தினப்போ பளபளன்னுதான் இருந்துச்சு, புது பெயிண்ட், புது சீட் கவர், ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு, நாங்களும் கொள்ளாமேன்னு சொல்லிட்டோம். மூணாவது மாசம் வாழக்கொல ஏத்திட்டு குலசேகரம் பக்கம் ஒரு ஏத்தத்துல போகும்போது பின்னால டமார்னு சத்தம். எறங்கிப் பாத்தா ஸ்பிரிங் பிளேட்ட பிடிச்சிட்டு இருக்குற பிராக்கெட், வண்டியத் தாங்குற இரும்பு அடிச்சட்டமான சேஸோட பிஞ்சு தொங்குது. உள்ள இரும்பே இல்ல மக்கா, அப்பளம் மாதிரி நொறுங்குது, மேல மட்டும் கருப்பா தார் பெயிண்ட். முன்ன முட்டத்துல மீன் ஓட்டுன வண்டின்னு பொறவுதான் தெரிஞ்சுது.

அதனால நான் சொல்றது, இன்ஜின கடைசியில பாருங்க. எல்லாரும் மொதல்ல பானெட்டத்தான் தொறக்காங்க. இன்ஜின் எவ்வளவு கெட்டாலும் பைசா போட்டா சரியாயிரும், சிலிண்டர கடைஞ்சு போர் பண்ணலாம், லைனர், பிஸ்டன் ரிங் மாத்தலாம், ஒண்ணுமில்லன்னா பழைய இரும்பு விக்கிற ஆக்கர் கடையில வேற இன்ஜினே பாக்கலாம். சேஸ் போச்சுன்னா போச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஜூன் மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, கூட உப்புக்காத்து. மீன் வண்டின்னா இன்னும் மோசம், ஐஸ் உருகி உப்புத்தண்ணி லோடு ஏத்துற தொட்டி வழியா சேஸ் மேல சொட்டிக்கிட்டே இருக்கும், அது கம்பி நடுவுல தேங்கி உள்ள இருந்து தின்னும், வெளிய ஒண்ணும் தெரியாது.

ஒரு பழைய சாக்கு, டார்ச், ஸ்குரூ டிரைவர், சின்ன சுத்தியல் கொண்டு போங்க. பின் வீலுக்கு மேல, ஸ்பிரிங் பிராக்கெட் இருக்குற எடம், குறுக்குக் கம்பி சேர்ற மூல, கேபின் உக்காந்திருக்குற ரப்பர் புஷ்ஷுக்கு அடியில, இங்கெல்லாம் தட்டிப் பாருங்க. டங்குன்னு மணி மாதிரி கேட்டா நல்ல இரும்பு. பொத்துன்னு கேட்டா ஸ்குரூ டிரைவர வச்சு குத்துங்க, உள்ள எறங்குச்சுன்னா சாக்க சுருட்டிட்டு வீட்டுக்கு வந்துருங்க, வெல பேசவே வேண்டாம். செவப்பா பொடியா இருக்குற மேல்துருவ கண்டு பயப்படாதீங்க, சுரண்டினா அடியில பளிச்சுன்னு இரும்பு தெரியும், அது பிரச்சன இல்ல. பழைய வண்டிக்கு அடியில மட்டும் புதுசா கருப்பு பெயிண்ட் இருந்தாதான் சந்தேகப்படணும். ஒட்டுத்தகடு வச்சு வெல்டிங் பண்ணியிருந்தா ஏன்னு கேளுங்க. அப்படியே சேஸ் நம்பர் அடிச்ச எடத்தையும் ஆர்சி புக்கோட ஒத்துப் பாருங்க, அங்க கிரைண்டிங் பண்ண அடையாளம் இருந்தா விட்டுருங்க.

கதவு அடிய துரு தின்னிருக்கு, தொட்டித் தகடு ஓட்டையா இருக்கு, இதெல்லாம் டிங்கர் வேல. வெலய கொறைக்கத்தான் அது உதவும்.

இன்ஜின் பாக்கப் போறதுக்கு முன்னால, நான் வந்த பொறவுதான் ஸ்டார்ட் பண்ணணும்னு சொல்லி வையுங்க. போனதும் பானெட்டுல கைய வையுங்க, சூடா இருந்தா ஆள் ஏற்கெனவே ஓட்டி வச்சிருக்கான்னு அர்த்தம். ஆறிக் கெடக்குற இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் வெள்ளப் புகை வந்து அடங்கினா பரவால்ல, சூடான பொறவும் வெள்ளையா வந்துட்டே இருந்தா தண்ணி உள்ள போகுதான்னு பாக்கணும், நீலமா வந்தா ஆயில் எரியுது, கருப்புன்னா ஏர் ஃபில்டரோ, டீசல் தெளிக்கிற நாஸிலோ, டீசல் பம்போ கெட்டிருக்கலாம். ஓடிட்டு இருக்கும்போது ஆயில் ஊத்துற மூடிய தொறங்க, குப்குப்னு புகை தள்ளுச்சுன்னா ரிங் போச்சு, போர் வேலைக்கு பைசா எடுத்து வையுங்க. மூடிக்கு அடியில பால்சாயா கலர்ல கொழகொழன்னு இருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு, இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்குற கேஸ்கெட் போயிருக்கோ ஹெட்டே வெடிச்சிருக்கோ தெரியாது. பழைய டிஐ இன்ஜின்னா நம்ம ஊரு மெக்கானிக்கே கைய வப்பாரு, எலக்ட்ரானிக்கா டீசல் அடிக்கிற காமன் ரெயில் இன்ஜின்னா இன்ஜெக்டர் செலவு வேற லெவல், அதுக்குத் தனியா வெல கேட்டுட்டுப் போங்க.

ஓட்டிப் பாக்கும்போது எறக்கத்துல ரெண்டாவது மூணாவது கியர்ல ஆக்சிலேட்டர விடுங்க, கியர் தானா வெளிய வந்தா கியர் பெட்டிய பிரிக்கணும். பின்னால ஊன்னு ஊளையிட்டா பின் ஆக்ஸில்ல இருக்குற கிரவுன் பினியன் பல்சக்கரம் தேஞ்சிருக்கும்.

பேப்பர் விஷயத்துல சோம்பல் படாதீங்க. எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டா எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதின்னு ஆர்டிஓ சர்டிபிகேட்), இன்சூரன்ஸ் தேதி தெரியும். ஃபைனான்ஸ் ஏதாவது நிக்குதா, ஃபைன் பாக்கி, ரோடு டாக்ஸ் பாக்கி இருக்கான்னும் தனியா பாருங்க. லோடு வண்டிக்கு 8 வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் எஃப்சி, வண்டி பழசாக ஆக ஃபீஸும் கூடும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேஎல் நம்பர் கேரள வண்டி கம்மி வெலைக்குக் கெடைக்கும்தான், அங்க ஆர்டிஓகிட்ட ஆட்சேபணை இல்லன்னு என்ஓசி வாங்கி இங்க டாக்ஸ் கட்டி நம்பர் மாத்துறதுக்குள்ள அந்த லாபம் காணாமப் போயிரும்.

இனி கணக்கு. உங்க மெக்கானிக்க கூட்டிட்டுப் போங்க, விக்கிறவர் கொண்டு வர்ற மெக்கானிக்க இல்ல. ரிப்பேருக்கு உங்க மெக்கானிக் சொல்ற தொகைக்கு மேல மூணுல ஒரு பங்கு சேருங்க, பிரிச்ச பொறவு கண்டிப்பா வேற ஏதாவது வரும். வண்டி வெலையோட அதக் கூட்டி, அதே மாடல் அதே வருஷம் நல்ல கண்டிஷன்ல என்ன வெலைக்குப் போகுதுன்னு பாருங்க. அத தாண்டினா எதுக்கு சாமி?

மச்சான் அடுத்து வாங்குனது அருமனை பக்கம் ரப்பர் ஷீட் ஓட்டுன வண்டி. பாக்கவே சகிக்காது, ஒரு கதவு பச்ச, ஒரு கதவு வெள்ள, நீலப்புகை வேற. ஆனா அடியில எங்க தட்டினாலும் டங்கு டங்குன்னு கேட்டுச்சு. போர் வேல பாத்து ரெண்டு வருஷமா வாரத்துக்கு ஆறு நாள் லோடு ஓட்டுதாரு. பெயிண்ட் இன்னும் அடிக்கல.