5,000 ரூபாய்க்குள் ஹாலை மாற்ற: ஒரு பல்பு, ஒரு சுவர், ஒரு ஜன்னல்

வீடு முழுக்க பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை, சோபாவையும் மாற்ற வேண்டியதில்லை. ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற ஒரு சுவர், அந்த அறையின் பெரிய ஜன்னல், வெளிச்சம். இந்த மூன்றிலும் ஒழுங்காகக் கை வைத்தால் அறையே வேறு மாதிரி ஆகிவிடும். 12 அடிக்கு 10 அடி சுவர் ஒன்று, 4 அடி அகல ஜன்னல் ஒன்று என்று வைத்துத்தான் கீழே உள்ள அளவெல்லாம். வேலையை நீங்களே செய்தால் 5,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். வாடகை வீடு என்றால் முதலில் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெயின்ட் கடைக்கு முன்னால் பல்பு கடை

நம் ஹால்களில் வழக்கமாக எரிவது 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள். அந்த வெளிச்சத்தில் செங்காவி செத்துப்போய்த் தெரியும், சந்தன நிறம் சாம்பல் பூசியது போல் இருக்கும். டியூப்லைட்டைக் கழற்ற வேண்டாம், பிள்ளைகள் படிக்க அது வேண்டும். அதோடு 3000 கெல்வின் எல்.ஈ.டி. பல்பு இரண்டு வாங்கி, ஒன்றை மூலையிலும் இன்னொன்றை வண்ணம் அடிக்கப்போகிற சுவருக்குப் பக்கத்திலும் போடுங்கள். பல்பு அட்டையில் கெல்வின் எண் அச்சாகியிருக்கும். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்லும் ‘வார்ம்’ என்பதை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பது இதற்குப் பிறகுதான். ஷேட் கார்டில் விரல் நகம் அளவுக்கு இருக்கும் நிறம் சுவர் முழுக்க வரும்போது இரண்டு மடங்கு அழுத்தமாகத் தெரியும். சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, ஒரு முழு சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அதைச் சுவரில் ஒட்டிக் காலை, மதியம், விளக்கு போட்ட பின் என்று மூன்று வேளையும் பாருங்கள். சுவரிலேயே திட்டுத்திட்டாக அடித்துப் பார்க்க வேண்டாம், பழைய நிறம் சுற்றிலும் இருந்து கண்ணை ஏமாற்றும். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதைச் சரியாக மறைக்காத நிறங்கள், மூன்றாவது கோட் கேட்கும். பட்ஜெட் வேலைக்கு செங்காவி, பாசிப்பச்சை, புகை நீலம் போன்றவை தோது.

சுவரைச் சோதிப்பது: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

வண்ணம் உரிந்து வருவதற்குப் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி அடியில் இருக்கும் சுவர்தான். மூன்று சோதனைகள் செய்யுங்கள், செலவு ஏதுமில்லை.

ஒன்று, ஈரமான கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் தேயுங்கள். துணியில் வெள்ளை மாவு ஏறினால் அது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டம்பர். இதன் மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) அடித்தால் முதல் மாதம் அருமையாக இருக்கும். ஆனால் எமல்ஷன் காயும்போது ஒரு தோல் போலச் சுருங்கும். அடியில் இருப்பது வெறும் மாவுதானே, அந்தத் தோல் மாவையும் பெயர்த்துக்கொண்டு அப்பளமாக எழும்பிவிடும். பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) போட்டால் பிடித்துக்கொள்ளும் என்பது பாதி உண்மைதான், பிரைமரும் அந்த மாவின் மேல்தான் உட்காருகிறது. ஸ்பாஞ்சால் ஒரு சதுர கெஜத்தை நன்றாக நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, 3 அங்குலத் தகட்டால் சுரண்டுங்கள். உலர்ந்த சுவரைச் சுரண்டினால் தூசிதான் மிச்சம், தகடும் சுவரைக் கிழிக்கும். சுரண்டி முடித்ததும் கழுவி, இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து காயவிடுங்கள். துணியில் மாவு ஏறுவது நிற்கும் வரைக்கும் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது.

இரண்டு, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பழைய பெயின்ட் கூடவே வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டியாக வேண்டும்.

மூன்று, ஓதம். ஓர் அடி சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அது அறைக் காற்றின் ஈரம், பயமில்லை. சுவரில் ஓதம் இருந்தால், மறுபக்கம் குளியலறையா, மொட்டை மாடி ஒழுகுகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று பார்த்து மூலத்தைச் சரிசெய்யுங்கள். அது இப்போதைக்கு முடியாது என்றால் வேறு சுவரைத் தேர்ந்தெடுங்கள். உப்புப் பூத்த இடத்தில் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) பார்த்து மூடுவது அடுத்த மழைக்குத் தாங்காது.

இந்த ஓதச் சுவரை மறைக்கத்தான் பலர் செங்கல் டிசைன் ஃபோம் ஷீட் வாங்கி ஒட்டுகிறார்கள். வேண்டாம். ஈரம் பின்னால் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். உரிக்கும்போது அடிப் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

பட்டி, பிரைமர்

இங்கே வெள்ளை சிமென்ட் பட்டி வாங்கிவிடாதீர்கள். அது பெயின்ட் அடிக்காத புதுச் சுவருக்கு உரியது, பழைய பெயின்ட்டின் மேல் சரியாகப் பிடிக்காது. ஓட்டை, கீறல் அடைக்க அக்ரிலிக் பட்டி 1 கிலோ போதும். காலண்டர் ஆணி அடித்த இடங்களில்தான் பள்ளம் அதிகம் இருக்கும். ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் நடுவில் வெடிக்கும். மெல்லிசாக இரண்டு தடவை போடுங்கள். காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 320 நம்பரால் முடியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் அத்தனையும் நிழலாகத் தெரியும், பென்சிலால் வட்டமிட்டு மறுபடி தேயுங்கள்.

மூக்கில் மாஸ்க் கட்டாயம். கதவு, ஜன்னல் சட்டத்தில் பழைய எனாமல் (எண்ணெய் கலந்த பளபளப்புப் பெயின்ட்) இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, துகளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

தண்ணீர் கலக்கும் பிரைமர் 1 லிட்டர், சுவர் முழுக்க ஒரு கோட். பட்டி போட்ட இடத்தில் மட்டும் அடித்து மிச்சம் பிடிக்காதீர்கள். பட்டி பெயின்ட்டை அதிகம் குடிக்கும், மற்ற இடம் குறைவாகக் குடிக்கும். கடைசியில் சுவர் மங்கலும் மினுக்கமுமாகத் திட்டுத்திட்டாக நிற்கும்.

பெயின்ட்

120 சதுர அடிக்கு இரண்டு கோட் அடிக்க 1 லிட்டர் இழுத்துப் பறித்து வரும், அழுத்தமான நிறத்துக்குப் போதாது. ஒரே நேரத்தில் 2 லிட்டர் கலக்கச் சொல்லி வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கிளறிக்கொள்ளுங்கள். தீர்ந்துபோய் அடுத்த வாரம் அதே நம்பரைக் கேட்டு வாங்கினால் மயிரிழை வித்தியாசம் இருக்கும், சுவரில் அது அப்பட்டமாகத் தெரியும். தண்ணீரை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு, குவளையால் அளந்து கலக்குங்கள். ‘கண்ணளவு’ என்றால் இரண்டு கோட்டும் இரண்டு நிறமாகும்.

மினுமினுப்பான வகையைவிட மேட் நல்லது, சுவரின் குறைகளை அது மறைத்துவிடும். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் மட்டும் துடைக்க வசதியாக லேசான ஷீன் (மினுக்கம்) உள்ளதை வாங்குங்கள்.

9 அங்குல ரோலர், 2 அங்குல பிரஷ். ரோலரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், மலிவு ரோலர் பஞ்சு உதிர்க்கும். புது ரோலரை மாஸ்கிங் டேப்பால் சுற்றி உரித்தால் தளர்ந்த நூலெல்லாம் வந்துவிடும். அடிக்கும்போது ஃபேனை அணையுங்கள். வியர்க்கும்தான், ஆனால் ஃபேன் காற்றில் ஓரம் சீக்கிரம் காய்ந்து, அடுத்த இழுப்பு அதன் மேல் ஏறிக் கோடு விழும். பிரஷ்ஷால் ஓரம் முழுக்க முதலில் அடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து ரோலரை எடுக்கிறவர்களின் சுவரில்தான் சட்டம் போட்டதுபோல் ஒரு பட்டை தெரியும். மூன்றடி ஓரம் பிரஷ், உடனே அந்த மூன்றடிக்கு ரோலர் என்று நகருங்கள். கோட்டுக்குக் கோட் நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாளே விடலாம். சுவரின் ஓரங்களை மறைக்க மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால், அதை இரண்டாவது கோட் முழுக்கக் காய்வதற்குள் சாய்வாக இழுத்து எடுங்கள். காய்ந்துவிட்டதென்றால் பிளேடால் ஓரத்தைக் கீறிவிட்டு இழுங்கள், இல்லையென்றால் பெயின்ட் நாடாவாகக் கிழிந்து வரும்.

பழைய காட்டன் சேலையில் திரைச்சீலை

புதுத் துணி வாங்கித் தைத்தால் துவைத்ததும் சுருங்கி மேலே ஏறிக்கொள்ளும். பழைய காட்டன் சேலை சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. ஐந்தரை மீட்டர் சேலையில் முந்தானை 90 சென்டிமீட்டரை வெட்டித் தனியே வையுங்கள், அதில் குஷன் உறை வரும். மிச்சம் 4.6 மீட்டரைச் சரிபாதியாக வெட்டினால் 90 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு கிடைக்கும். கரை இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஓடும், பக்கவாட்டில் மடித்துத் தைக்கும் வேலையே இல்லை. வெயில் நேராக விழும் ஜன்னலென்றால் பின்னால் வெள்ளை காடாத்துணியை லைனிங்காக வைத்துத் தையுங்கள்.

மேலே பக்ரம் (விறைப்பான உள்துணி) வைத்து 4 அங்குலம், கீழே 4 அங்குலம் மடித்தால் 82 அங்குலம் நிற்கும். கம்பியைத் தரையிலிருந்து 7 அடியில் மாட்டினால் திரை தரைக்கு 3 அங்குலம் மேலே முடியும். மாப் போடும்போது நனையாது. கம்பி 5 அடி, ஜன்னலுக்கு இரு பக்கமும் அரை அடி கூடுதல். அப்போதுதான் திரையை ஒதுக்கினால் ஜன்னல் முழுதாகத் திறக்கும், சின்ன ஜன்னலும் பெரிதாகத் தெரியும்.

கம்பியைக் கோக்கும் ஐலெட் வளையம் ஒரு துண்டுக்கு 8. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்று டெய்லரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். ஒற்றைப்படை போட்டால் ஒரு ஓரம் சுவரைப் பார்த்தும் இன்னொரு ஓரம் அறையைப் பார்த்தும் துருத்திக்கொண்டு நிற்கும். 45 அங்குல அகலத் துணியில் இரு ஓரத்திலும் ஒன்றரை அங்குலம் விட்டால் வளையத்துக்கு வளையம் சரியாக 6 அங்குலம் வரும்.

பிராக்கெட்டுக்கு 6 மில்லிமீட்டர் துளை, பிளாஸ்டிக் பிளக், ஒன்றரை அங்குல ஸ்குரூ. ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது லிண்டல், அதாவது மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம், சாதா டிரில் அங்கே திணறும். ஹாமர் டிரில் வாடகைக்கு எடுங்கள், அல்லது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரே தடவையில் எல்லாத் துளையையும் போட்டுவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், வயர் பைப் அந்த வழியில்தான் போகும்.

மிச்சப் பெயின்ட்டை மூடி இறுக்கமான சின்னப் பாட்டிலில் ஊற்றி, ஷேட் நம்பரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பிறகு கீறல் விழுந்தால் பிரஷ்ஷால் தொட்டுவைக்காமல், ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி எடுங்கள். ரோலர் விட்ட சொரசொரப்போடு அது ஒத்துப்போகும்.