வரி எங்கே முடிகிறது? பைத்தானில் நீங்களே பார்க்கலாம்

என்டர் தட்டினால் ஃபைலுக்குள் என்ன பதிவாகிறது? விண்டோஸில் 13, 10 என்று இரண்டு பைட். லினக்ஸிலும் இன்றைய மேக்கிலும் 10 மட்டும். 13-க்குப் பெயர் கேரேஜ் ரிட்டர்ன், 10-க்கு லைன் ஃபீட். தொலைவிலிருந்து வரும் எழுத்துகளைத் தாளில் அச்சிட்ட டெலிடைப் இயந்திரங்களின் காலத்துப் பெயர்கள் இவை: ஒன்று அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவரும், மற்றது தாளை ஒரு வரி நகர்த்தும்.

படி 1: விண்டோஸ் நோட்பேடில் முதல் வரியில் 1, அடுத்த வரியில் 2 என்று மட்டும் எழுதிச் சேமியுங்கள்.

படி 2: பைத்தானில் அதை 'ஆர்பி' (rb, பைட்களை மாற்றாமல் அப்படியே படிப்பது) மோடில் திறந்து, படித்ததை லிஸ்ட்டாக மாற்றி பிரிண்ட் செய்யுங்கள். 49, 13, 10, 50 என்று வரும். 49-ம் 50-ம் நீங்கள் எழுதிய 1, 2 என்ற எழுத்துகளின் குறியீட்டு எண்கள். நடுவில் இருப்பதுதான் என்டர்.

படி 3: இப்போது வெறும் 'ஆர்' (r, எழுத்துகளாகப் படிப்பது) மோடில் திறந்து நீளம் பாருங்கள். 4 இல்லை, 3! பைத்தான் 3 படிக்கும்போதே 13-ஐ எடுத்துவிடுகிறது. விண்டோஸில் எழுதும்போது 10-க்கு முன்னால் திரும்பச் சேர்த்துவிடும்.

எல்லா மொழியும் இப்படிப் பார்த்துக்கொள்ளாது. ஒருமுறை ஊர்ப் பட்டியல் ஒன்றை நோட் ஜேஎஸ்ஸில் படித்து, 10 வரும் இடங்களில் வெட்டினேன். திரையில் 'மதுரை' என்றுதான் தெரிந்தது, ஆனால் 'மதுரை'யோடு ஒப்பிட்டால் சமம் இல்லை என்றது. அரை நாள் போய்விட்டது. அப்புறம் நீளம் பார்த்தேன். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என 5 வர வேண்டும், 6 வந்தது. வாலில் 13 ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டியலின் கடைசி ஊர் மட்டும் சரியாக இருந்தது, அதற்குப் பின்னால் என்டர் இல்லாததால். வெட்டியதும் ஒவ்வொரு வரிக்கும் ட்ரிம் (இரு ஓரத்திலும் உள்ள வெற்றிடம், 13 போன்றவற்றை நீக்குவது) போட்டேன், சரியாகிவிட்டது.

படி 4: பைத்தானிலும் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஃபைலை எழுதும் சிஎஸ்வி ரைட்டர், ஒவ்வொரு வரி முடிவிலும் தானாகவே 13, 10 எழுதும். விண்டோஸில் சாதாரணமாகத் திறந்த ஃபைல் அந்த 10-க்கு முன்னால் இன்னொரு 13-ஐச் சேர்க்கும். ஆக 13, 13, 10. எக்செல்லில் திறந்தால் ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக இருக்கும். ஃபைலைத் திறக்கும்போதே நியூலைன் என்ற ஆர்குமெண்ட்டுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுங்கள், அதாவது நடுவில் எதுவும் இல்லாத இரண்டு மேற்கோள் குறிகள். எழுதி முடித்ததும் படி 2-ஐத் திரும்பச் செய்து பாருங்கள். ஒவ்வொரு 10-க்கு முன்னாலும் 13 ஒன்றுதான் இருக்கும்.