உங்கள் விவரங்களை ஒரு நிறுவனம் பறிகொடுத்தால்: இழப்பீடு கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வாடிக்கையாளர் விவரங்கள் சில வெளியாட்கள் கைக்குப் போயிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள்." மருத்துவமனையோ, காப்பீட்டு நிறுவனமோ, கடன் செயலியோ இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மின்னஞ்சலை அழித்துவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து, நாம் வாங்காத கடனுக்கு வசூல்காரர் போன் போடுகிறார். அப்போது வக்கீல் முதலில் கேட்பது அழித்துப்போட்ட அந்த மின்னஞ்சலைத்தான்.

ஆகவே முதல் தவறு, ஆதாரத்தைத் தொலைப்பது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அசல் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வந்த இடத்திலேயே இருக்கட்டும். அவை இருக்கும் போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தின் நகலை நீதிமன்றத்தில் கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதன் ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

பலர் கவனிக்காத ஆதாரம் ஒன்று உண்டு. மோசடிக்காரர் போனில் உங்கள் பாலிசி எண்ணையோ, எந்தத் தேதியில் ஸ்கேன் எடுத்தீர்கள் என்பதையோ சொன்னாரா? அந்த விவரம் ஒரே ஒரு நிறுவனத்திடம்தான் இருந்தது என்றால், கசிவுக்கும் உங்கள் நஷ்டத்துக்கும் உள்ள தொடர்பை அதுதான் காட்டும். அழைப்பு வந்த எண், நேரம், அவர் சொன்ன வார்த்தைகள் மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள். இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இந்தத் தொடர்பைக் காட்ட முடியாததால்தான்.

நாள் கணக்கைத் தவறவிடுவது

வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் வங்கிக்கும், சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்கள் மீதும் வங்கி மீதும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, பணம் போனதாக வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் நீங்கள் வங்கிக்குத் தெரிவித்திருந்தால், உங்களுக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பில்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டும். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைதான் முடிவு செய்யும். 'திங்கட்கிழமை கிளைக்குப் போய் மேனேஜரிடம் நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று காத்திருப்பவர்கள் இந்தச் சலுகையைத்தான் இழக்கிறார்கள். போனில் புகார் சொன்னால் புகார் எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு அவற்றை அழித்துவிட்டால் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதற்கான தடயமும் போய்விடும். அதனால் கசிவு தெரிந்த வாரத்திலேயே நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு கடிதம் போக வேண்டும். என்னுடைய எந்தெந்த விவரங்கள் போயின, எந்தத் தேதியில் போயின, உங்களுக்கு எப்போது தெரிந்தது, யாரிடம் புகார் செய்தீர்கள் என்று கேளுங்கள். தொடர்புடைய பதிவுகளை அழிக்கக் கூடாது என்பதையும் தனி வரியாக எழுதுங்கள். அந்த அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் நிறுவனம் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள் சொல்கின்றன. மின்னஞ்சலோடு தபாலிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ரசீதும், ஒப்புகையும் பத்திரமாக இருக்கட்டும்.

போலீஸ் புகாரோடு நின்றுவிடுவது

மதுரையை எடுத்துக்கொண்டால், மாநகர எல்லைக்கு ஒரு சைபர் குற்றக் காவல் நிலையம், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் உள்ளிட்ட மாவட்டக் காவல் எல்லைக்குத் தனியாக ஒன்று. அங்கே போய் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். சி.எஸ்.ஆர் என்பது மனு வந்ததற்கான ஒப்புகை மட்டுமே. எஃப்.ஐ.ஆர் பதிவாக வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரில் ஆணையருக்கு, எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஆனால் எஃப்.ஐ.ஆர் போட்டாலும் அது திருடனைத் தேடும் வழக்குதான். அலட்சியமாக இருந்த நிறுவனத்திடமிருந்து அது உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72-ஏ பிரிவுகூட, ஒப்பந்தத்தை மீறி, தீங்கு வரும் என்று தெரிந்தே விவரத்தை வெளியிட்டவரைத்தான் தண்டிக்கிறது. பூட்டாமல் விட்டவர் அதில் சிக்குவது கடினம். இழப்பீட்டுக்கு வேறு கதவைத் தட்ட வேண்டும்.

தவறான கதவைத் தட்டுவது

பலர் நேராக சிவில் கோர்ட்டுக்குப் போகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பவர் மாநில தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். அந்தச் சட்டத்தில் அவருக்குப் பெயர் தீர்ப்பு அதிகாரி. அவர் விசாரிக்க வேண்டியதை சிவில் கோர்ட் எடுக்க முடியாது. சென்னைக்கு மனு அனுப்ப வேண்டும் என்றதும் மதுரைப் பக்கம் பலர் தயங்குகிறார்கள். ஆனால் இது காகிதத்தில் மட்டும் இருக்கும் வழியல்ல. போலி மின்னஞ்சலில் ஏமாந்து பணத்தை இழந்த வாடிக்கையாளருக்கு ஒரு தனியார் வங்கி இழப்பீடு தர வேண்டும் என்று 2010-லேயே தமிழ்நாட்டின் தீர்ப்பு அதிகாரி உத்தரவிட்டிருக்கிறார்.

அதே சட்டத்தில் கசிவுக்கு இழப்பீடு தரச் சொல்லும் 43-ஏ பிரிவைச் சரியாகப் படிக்காமல் போவது அடுத்த தவறு. பாஸ்வேர்டு, வங்கி மற்றும் அட்டை விவரம், உடல்நலம், மருத்துவப் பதிவு, பயோமெட்ரிக் போன்ற உணர்திறன் மிக்க தகவல்களை மட்டுமே அது காக்கிறது. பெயரும் போன் எண்ணும் மட்டும் கசிந்தால் அதில் இடமில்லை. பாதுகாப்பில் அலட்சியம் இருந்தது, அதனால் நஷ்டம் வந்தது என்ற இரண்டையும் காட்ட வேண்டும். தொழில் நடத்தும் தனிநபர் நிறுவனமும் இதற்குள் வரும். மதுரை அண்ணா நகரில் உள்ள ஒரு சிறிய ஸ்கேன் சென்டரும் 'நாங்கள் கம்பெனி இல்லையே' என்று தப்ப முடியாது.

கட்டணத்தையும் பாருங்கள். கேட்கும் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் 5,000 ரூபாயும், தாண்டிய தொகையில் 2 சதவீதமும் கட்ட வேண்டும். 3 லட்சம் கேட்டால் 9,000 ரூபாய். விண்ணப்பக் கட்டணம் 50 தனி. ஆவேசத்தில் 50 லட்சம் என்று எழுதினால் 1,03,000 ரூபாய் கட்ட நேரிடும். நிரூபிக்க முடிந்ததைக் கேளுங்கள்.

நஷ்டம் சிறியது, நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துச் சேவை வாங்கியிருக்கிறீர்கள் என்றால், நுகர்வோர் ஆணையமே நல்ல வழி என்பது எங்கள் கருத்து. காரணம் மூன்று. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. கணக்கில் எடுப்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தையோ ஸ்கேன் கட்டணத்தையோதான், கேட்கும் இழப்பீட்டை அல்ல. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் 'தகராறு வந்தால் மத்தியஸ்தம் மட்டுமே' என்று இருந்தாலும் இந்தக் கதவு அடைபடாது.

மனுவில் சறுக்கும் இடம் இதுதான். நம்பிக் கொடுத்த விவரத்தை வெளியிடுவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதை மட்டும் எழுதினால், "நாங்கள் வெளியிடவில்லை, திருடு போனது" என்று நிறுவனம் பதில் சொல்லும். ஆகவே சேவைக் குறைபாட்டையும் சேர்த்து எழுதுங்கள். அலட்சியமும், வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியதை வேண்டுமென்றே மறைப்பதும் அந்தச் சட்டத்தில் குறைபாடுதான். கசிவு தெரிந்தும் மாதக்கணக்கில் வாய் திறக்காத நிறுவனத்துக்கு இந்த வரிதான் பிடி. இலவச செயலி என்றால் மட்டும் நீங்கள் 'நுகர்வோர்' ஆவீர்களா என்ற கேள்வி எழும்.

புதிய சட்டம் வரட்டும் என்று காத்திருப்பது

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 250 கோடி ரூபாய் அபராதத்தைக் கேட்டு, அதில் தங்களுக்கும் பங்கு வரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அபராதம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து இழப்பீடு கிடையாது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்போது 43-ஏ பிரிவு நீக்கப்படும். இன்று இழப்பீட்டு உரிமை கையில் வைத்திருப்பவர் காத்திருந்து பெறப்போவது எதுவுமில்லை.

நிறுவனம் தானே வழக்குப் போட்டிருக்கிறதே என்று இருந்துவிடுவதும் இதே போலத்தான். 2024-இல் ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கசிந்தபோது, நிறுவனம் டெலிகிராம் மீது வழக்குத் தொடுத்தது. அது விவரம் பரவுவதைத் தடுக்கும் வழக்கு. வாடிக்கையாளரின் கோரிக்கையை வாடிக்கையாளர்தான் வைக்க வேண்டும்.

ஒரே நிறுவனத்தால் ஒரே தெருவில் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோர் சார்பிலும் ஒருவர் புகார் தரலாம். வாட்ஸ்அப் குழுவில் பெயர் சேர்ப்பது அதற்கு ஈடாகாது.

நிறுவனம் ஒரு கூப்பனையோ ஓராண்டு இலவசச் சேவையையோ நீட்டி, 'முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். நஷ்டத்தின் அளவு கசிவு நடந்து பல மாதம் கழித்தே தெரியவரும்.

நுகர்வோர் ஆணையத்துக்கான கெடு 2 ஆண்டு. நிறுவனத்தோடு கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் போகலாம், இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கும் போன் செய்யலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு. போகும்போது அந்த மின்னஞ்சலின் நகல், தபால் ரசீது, புகார் எண், சேவைக்குப் பணம் கட்டிய பில் ஆகிய நான்கையும் எடுத்துப் போங்கள்.